சின்னுவின் வயதும் ஒரு வீட்டுக் கடனும்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவரை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு அண்ணி என்று யாரும் கேட்டதில்லை. கூடவே இருக்கும் நாத்தனார் காலையிலிருந்து ராத்திரி வரை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாடிப்படியில் போகிற வருகிற எல்லோர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. பால் போடுகிறவர்கூட "அண்ணி, பாக்கி இருக்கு" என்றுதான் சொல்வார்.

நாத்தனாருக்கு சின்னு என்று பெயர். சின்னவள் என்பது தேய்ந்து சின்னு ஆகியிருக்கிறது. அண்ணியின் கணவர் உயிரோடு இருந்தபோது தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் காலமான பிறகும் இரண்டு பெண்களும் அதே வாடகை வீட்டில், அதே அடுப்பில், பெரிய சண்டையில்லாமல் காலம் தள்ளினார்கள். சின்னுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணிக்குக் குழந்தை இல்லை. வீட்டில் எதெல்லாம் குனிந்து நிமிர்ந்து செய்ய வேண்டுமோ அதெல்லாம் சின்னுவின் வேலை. "நீ சின்னவ, நீ ஏறு" என்பார் அண்ணி. சின்னு முக்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைப்பாள். நான் அவர்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருக்கிறேன். இந்தக் கதையை அண்ணி சொல்ல, சின்னு நடுநடுவே திருத்த, நான் கேட்டது.

அண்ணிக்கு ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் வேலை. அதன் மேல்மாடியில் அறை அறையாக வீடு மாதிரி செய்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் மூன்று சுவர்தான். நாலாவது பக்கம் வாடிக்கையாளர் நின்று பார்க்கிற வழி. படுக்கையறையில் மெத்தை நிஜம், ஜன்னல் பொய். சமையலறையில் குழாய் நிஜம், தண்ணீர் பொய். கூடத்து டிவி உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கூடு. இந்த அறைகளைத் தூசி தட்டி, தலையணையைத் தட்டிக் கொடுத்து, விலைச்சீட்டு தெரிகிற மாதிரி வைப்பதுதான் அண்ணியின் வேலை. பிள்ளைகள் கட்டிலில் குதிக்கும். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் இன்னும் வாங்காத சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிஜமாகவே சண்டை போடுவார்கள். காட்சிக்கு வைத்த கழிப்பறையை யாராவது ஒருவர் அவசரத்தில் உபயோகித்துவிட்டு, தண்ணீர் வராமல் திகைத்து நிற்பதும் உண்டு. அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, கீழேயிருந்து வாளியில் தண்ணீர் கொண்டு வருவதும் அண்ணிதான்.

"இத்தனை வீட்டைப் பார்த்துக்கறேன், ஒண்ணுக்கும் கதவு கிடையாது" என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் அவர்களுடைய வீட்டுக்காரர் வந்து, மகளோடு போய் இருக்கப் போவதாகவும் வீட்டை விற்கப் போவதாகவும் சொன்னார். புரோக்கர் என்றாலே அவருக்கு ஆகாது. இத்தனை வருஷம் வாடகை தவறாமல் கொடுத்தவர்கள் என்பதால் முதலில் உங்களைக் கேட்கிறேன் என்றார். விலையும் அநியாயம் இல்லை. கணவர் இறந்தபோது அவருடைய கம்பெனியிலிருந்து வந்த பணத்தை அண்ணி தொடாமல் வைத்திருந்தார். அது போக மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்று முடிவு செய்தார். அண்ணிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

வங்கியில் கடன் அதிகாரி ஓர் இளைஞர். ரொம்ப மரியாதையானவர். எதைச் சொல்வதானாலும் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் சொல்வார், கெட்ட செய்தியைத் தான் சொல்லவில்லை, அதுதான் சொல்கிறது என்பதைப் போல. அண்ணியின் சம்பளத்தைக் கேட்டார், வயதைக் கேட்டார், திரையைத் திருப்பினார். எழுபது வயதுக்குள் கடனை அடைத்துவிட வேண்டுமாம். அவ்வளவு குறைந்த காலத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை அண்ணியின் சம்பளத்தைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும்.

"எழுபதுக்கு மேலயும் நான் இருப்பேனே" என்றார் அண்ணி.

"கண்டிப்பா இருக்கணும்மா. நூறு வயசு இருக்கணும். ஆனா கம்ப்யூட்டர் எழுபதோட நிறுத்திடுது" என்றார் அதிகாரி.

அவரே ஒரு வழியும் சொன்னார். குடும்பத்தில் வயது குறைந்தவர், வருமானம் உள்ளவர் யாராவது இருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து கடன் வாங்கலாம். காலத்தைச் சின்னவர் வயதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அண்ணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு சின்னவள் இருக்கிறாள். பெயரே அதுதான். சின்னுவுக்கு ஐம்பத்து மூன்று. பொது மருத்துவமனையில் தையல் பிரிவில் வேலை, கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது, நோயாளிகளின் அங்கிக்கு நாடா வைப்பது. நிலையான சம்பளம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டியிருக்கிறோம். நான்தான் மெழுகுவத்தி வாங்கி வந்தேன்.

அண்ணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். சின்னு ரொம்ப சந்தோஷம் என்றாள். மறுநாள் வங்கிக்குக் கிளம்பும்போது அவளுக்குப் பல்வலி. அதற்கடுத்த வாரம் வங்கியின் ஏசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். அதற்குப் பிறகு கொள்கை அளவிலேயே எதிர்க்க ஆரம்பித்தாள். "சொந்த வீடு எதுக்கு அண்ணி, நாம என்ன யானையா வளர்க்கப் போறோம்? வாடகை வீட்ல ஓட்டை விழுந்தா வீட்டுக்காரருக்குக் கவலை. சொந்த வீட்ல விழுந்தா நமக்கில்ல கவலை?" என்று கேட்டாள். சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்றால் மருத்துவமனை அலுவலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்றாள். வெள்ளையடிப்பு ஒரு மாதம் நடந்தது.

அண்ணி ஒரு முடிவுக்கு வந்து, என் வீட்டில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். சின்னுவுக்கு யாரோ ஒருவர் இருக்கிறார். கல்யாணம் செய்துகொண்டு போய்விடத் திட்டம். அதனால்தான் கடனில் மாட்டிக்கொள்ள மறுக்கிறாள்.

"அம்பத்து மூணு வயசுல அது ஒண்ணும் தப்பில்ல. தாராளமாப் பண்ணிக்கட்டும். கையெழுத்துப் போட்டுட்டுப் பண்ணிக்கட்டும்" என்றார்.

கடைசியில் வீட்டுக்காரர், வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்லியனுப்பினார். அன்றைக்கே அண்ணி சின்னுவின் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். கடன் பிரிவில் நல்ல கூட்டம். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முறை வந்தது. அதிகாரி புன்னகையோடு சின்னுவைப் பார்த்து, பிறந்த தேதி சொல்லுங்கம்மா என்றார். சின்னு மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தாள். அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"அறுபத்தொண்ணு" என்றாள் சின்னு.

"அறுபத்தொண்ணா? அது ரெண்டாவது கவுண்டர்ல கூப்பிடுவாங்கம்மா. உங்க டோக்கன் இங்கதான்."

"டோக்கன் இல்ல. எனக்கு அறுபத்தொரு வயசு."

அண்ணி சிரித்தார். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார். சின்னு சிரிக்கவில்லை. அதிகாரியிடமே, அவர்தான் கேட்டவர் என்பதால் அவருக்கே பதில் சொல்வது போல, முழுதும் சொன்னாள்.

அவளுக்கு வரன் தேடிய காலத்தில் ஒவ்வொன்றும் தட்டிப்போகத் தட்டிப்போக, அவளுடைய அம்மா வயதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் அவள் வயது தம்பியின் வயதுக்குக் கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு அம்மா தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் இவளை அக்கா என்று கூப்பிடாதே, நாளையிலிருந்து இவள் உனக்குத் தங்கச்சி என்றார். அவன் கொஞ்ச நாள் எப்படியும் கூப்பிடாமல் இருந்து பார்த்தான். பிறகு சின்னு என்று கூப்பிட ஆரம்பித்தான். கடைசியாக வந்த வரன், பெண் ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வரன் வரவில்லை. ஆனால் வயது இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்குள் வந்தார்.

"வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா சுலபமா இருந்திருக்கும்" என்றாள் சின்னு. "ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அதிகாரி திரையைத் திருப்பினார். அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் திருப்பினார். பிறகு தயங்கித் தயங்கி அண்ணியைப் பார்த்து, "அப்படின்னா இப்ப சின்னவங்க நீங்கதாம்மா" என்றார்.

அண்ணிக்கு முதலில் கோபம் வரவில்லை. ஒரு நடைமுறைச் சிக்கல்தான் தோன்றியது. சின்னுவின் பக்கம் திரும்பி, "அப்ப இத்தனை நாளா உன்னை... உங்களை நான் நீ நீன்னு பேசிட்டிருந்தேனா?" என்று கேட்டார்.

அதிகாரிக்கு வேறு சிக்கல். இருவருக்கும் என்ன உறவு என்று பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே அண்ணி, நாத்தனார் என்று போட்டு வைத்திருந்தார். புருஷனின் அக்காவை அண்ணி என்றுதானே கூப்பிட வேண்டும், அப்படியானால் இதில் அண்ணி யார் என்று கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

சரி, வருமானத்தையாவது முடிப்போம் என்று அவர் சம்பளத்தைக் கேட்க, அடுத்தது வெளியே வந்தது. சின்னுவுக்குச் சம்பளமே கிடையாது. மருத்துவமனைக்கு அவளுடைய நிஜ வயது தெரியும். அதற்கு முந்தின வருஷமே ஓய்வு கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எப்படி ஓய்வு பெற முடியும்? அதனால் அந்த மாலையைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் வழக்கம்போல டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதே மருத்துவமனைக்குத்தான் போனாள், வேறு இடம் அவளுக்குப் பழக்கமில்லை. வெளிநோயாளிகள் கூடத்தில் சும்மா உட்கார்ந்தால் காவலாளி கேட்கிறார் என்று தினமும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வாள். சில நாள் முறை வந்து உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். போய்த்தான் ஆக வேண்டும். அப்படியே அவளுடைய முழங்கால் வலி, காதில் கேட்ட இரைச்சல், ஒரு பழைய இருமல் எல்லாம் குணமாகிவிட்டன.

"அப்ப மாசாமாசம் பணம்?" என்றார் அண்ணி.

"பென்ஷன் வருது. ஓவர்டைமை நிறுத்திட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே, அந்தக் குறைச்சல்தான்."

இதைக் கேட்டதும் கடன் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்ஷன் வருகிறதென்று முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கடிந்துகொண்டார். பென்ஷன்காரர்களுக்கென்று தனித் திட்டமே இருக்கிறதாம். சம்பளம் நாளைக்கே நின்றாலும் நிற்கும். பென்ஷன் அப்படியில்லை, ஆள் இருக்கிற வரைக்கும் வரும். அதில் எழுபத்தைந்து வயது வரை கட்டலாம். என்ன, அண்ணிக்கு அந்தத் திட்டத்தில் தனியாகச் சேர முடியாது, அவருக்கு இன்னும் வயது போதாது. சின்னு முதல் ஆளாகவும் அண்ணி துணை ஆளாகவும் போட்டால் தவணை தாங்குகிற அளவுக்கு வந்துவிடும். இந்த முறை திரையைத் திருப்பியபோது அதில் நிஜமாகவே ஒரு நல்ல செய்தி இருந்தது.

அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை. எனக்கே மேலேயிருந்து சத்தம் வராதது தெரிந்தது. இருவரும் மாறி மாறி என்னிடம் வந்து மற்றவரைப் பற்றிச் சொல்வார்கள். வீட்டு விஷயம் அண்ணிக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தன்னைவிட மூத்தவரை இத்தனை வருஷம் முக்காலியில் ஏற்றியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். அதைவிட, கூடவே வாழ்ந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்பதுதான் பெரிய வருத்தம். இறந்தவரிடம் சண்டை போட முடியாது. அதனால் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து ஒரு முறை கோபமாகத் துவைத்துப் போட்டார்.

ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், அண்ணி படுக்கையறையில் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே அந்தக் கட்டிலில் படுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதில் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லையாம். படுத்ததும் அழுகை வந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு அழுதார். விஷயம் வெளியே வந்த பிறகு சின்னுவுக்குக் காலையில் வேலைக்கென்று மருத்துவமனைக்குக் கிளம்பவும் வழியில்லை. வீட்டில் இருந்தால் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கால் போன போக்கில் நடந்தவள், அன்றைக்கு அந்தக் கடைக்கே வந்து சேர்ந்தாள். கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்க அண்ணி. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"என்னை அண்ணின்னு கூப்பிடாதீங்க. முறைப்படி நீங்கதான் எனக்கு அண்ணி."

"வாயில ஊறிப்போச்சு. இனிமே மாத்த முடியாது."

அண்ணி போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். "அவராவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவன் பாவம்" என்றாள் சின்னு.

அண்ணி போர்வையை விலக்கிப் பார்த்தார். தன் புருஷனைச் சின்னு அவன் என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னு எப்போதும் அண்ணன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அப்போது அண்ணிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர், அரை மயக்கத்தில் "அக்கா, தண்ணி" என்று கேட்டார்.

"நர்ஸைக் கூப்பிடறார்னு நினைச்சு நான் ஓடிப் போய் நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அண்ணி.

"ஆமா. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். என் கையில தண்ணி டம்ளர்கூட இருந்தது. நர்ஸ் வாங்கிக் குடுத்தாங்க."

இரண்டு பேரும் அழுதார்கள். நன்றாக அழுது முடித்துத் திரும்பினால், சுவரில்லாத நாலாவது பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் இந்தக் கடையில் தினமும் நடத்துவீர்களா என்று விசாரித்தாள். அதற்குள் விற்பனையாளர் ஓடி வந்து, ஆமாம், மனம்விட்டுப் பேசுவதற்கென்றே செய்த மெத்தை இது என்று சொல்லிவிட்டார். அவர்கள் கட்டிலையும் மெத்தையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் படுத்திருந்த தலையணையையும் அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே அண்ணி போனார். மேலாளர், சனிக்கிழமைகளில் மாலையில் கொஞ்ச நேரம் படுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். அழுவது அவரவர் விருப்பம் என்றார். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணமும் தருவதாகச் சொன்னார். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் அது "படுக்கைச் செயல்விளக்கப் படி" என்று அச்சாகி வந்தது. வங்கியில் கடன் அதிகாரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கடைக்கே போன் பண்ணி, ஆமாம், அந்த அம்மா எங்களுக்காகப் படுக்கிறார், நன்றாகவே படுக்கிறார் என்று மேலாளர் உறுதி சொன்ன பிறகுதான் அதை வருமானத்தில் சேர்த்தார்.

கடன் கிடைத்தது. வீட்டுக்காரரும் அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் பொறுத்திருந்தார். முதல் கையெழுத்து சின்னுவுடையது. அதில் அண்ணிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். வீட்டைப் பற்றி நினைத்து நினைத்து ஏங்கியது அவர், பெயர் முதலில் வந்தது சின்னுவுக்கு. ஆனாலும் சின்னுவை இப்போது கண்ணில் வைத்துக் காக்கிறார். பென்ஷன் என்பது ஆள் இருக்கிற வரைக்கும்தான் என்று அதிகாரி சொன்னது அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. சின்னு இருமினால் கஷாயம், தும்மினால் ஆவி. மழையில் வெளியே விடுவதில்லை. சின்னுவும் அதை ஒரு கடமையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "எழுபத்தஞ்சு வரைக்கும் சாக மாட்டேன்னு பேங்க்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னாள். ஐம்பத்து மூன்றிலிருந்து ஒரே நாளில் அறுபத்தொன்றுக்குப் போனதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், இப்போதெல்லாம் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல் உட்கார்ந்துகொள்கிறாள்.

வீடு கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சொந்தச் சுவராயிற்றே என்று அண்ணி கூடத்தில் ஓர் ஆணி அடித்தார். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. சும்மா அடித்துப் பார்க்க ஆசை. ஆணி நேராகத் தண்ணீர்க் குழாயில் இறங்கியது. பீய்ச்சியடித்த தண்ணீரைக் கையால் பொத்திக்கொண்டே அண்ணி சொல்ல, சின்னு பழக்க தோஷத்தில் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாகப் பேசியதேயில்லை என்கிற குரலில், "அது உங்க வீடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வால்வு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் மேலே போய்க் காட்டி மூடுவதற்குள் எங்கள் கூடத்துக் கூரையில் வரைபடம் போல ஒரு பெரிய ஈரம் இறங்கிவிட்டது. இருவரும் நனைந்த புடவையோடு கீழே வந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார்கள், கேட்கவும் செய்தார்கள். ஆனால் தலையை அண்ணாந்து அந்த ஈரத்தைப் பார்த்தபோது அவர்கள் முகத்தில் வருத்தத்தைவிட வேறு என்னவோதான் அதிகமாகத் தெரிந்தது. ஒரு சொட்டு அண்ணியின் நெற்றியில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டுத் தண்ணிதான்" என்றார் என்னிடம்.